உடற்சூட்டில் சுமந்த குழாய்கள்

எங்கள் அண்ணா மறைந்த முப்பத்தோராம் நாளில் இம்மலரைக் கையில் ஏந்தும் உற்றாருக்கும் நண்பருக்கும் தங்கை எழுதுவது.

அண்ணா அவர்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தார். பெற்றோர் மறைந்தபின் என்னையும் அழைத்துக்கொண்டு மலாயாவின் பேராக்குக்கு வந்து, தெலுக் ஆன்சனை அடுத்த ரப்பர்த் தோட்டங்களுக்கான மருத்துவமனையில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, பணியேற்றார். என்னை இலக்கியம் பயில வைத்தவரும் அவரே.

ஈப்போவில் ஓர் ஆய்வு மருத்துவர் மூளைக் காய்ச்சலை ஆராய்ந்து வருகிறார். மலேரியா மூளைக்கு ஏறியதா, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் காய்ச்சலா என்பதை, முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் எடுக்கும் நீரைக்கொண்டு அவர் பிரித்தறிவார். எங்கள் மருத்துவர் ஊசியிடுகையில் நோயாளியை வளைத்துப் பிடிப்பதும், அந்நீரை ரயிலில் கொண்டுசேர்ப்பதும் அண்ணாவின் வேலை.

முதல் முறை அவர் பிழை செய்தார். கெடாதிருக்கட்டும் என்று, நீர் அடைத்த கண்ணாடிக் குழாயை ஐஸில் வைத்துக் கொண்டுபோனார். குளிரில் அத்தொற்றுக் காய்ச்சலின் கிருமி இறந்துவிடும் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒன்றும் வளரவில்லை. தொற்றுநோய் இல்லை என்று கருதிய தோட்ட நிர்வாகம், தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து எவரும் வெளியேறாதபடி போட்டிருந்த காவலை நீக்கியது. அதே லயத்தில் மேலும் மூன்று குழந்தைகள் இறந்தன.

எவரும் அண்ணாவைக் குறை கூறவில்லை. அவரே அந்த மூன்று வீடுகளுக்கும் சென்று, நடந்ததைச் சொன்னார். ஒரு தாய், "ஒங்க மேல என்னாங்க கோவம். போங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு குழாயையும் பஞ்சில் சுற்றி, அக்குளில் கட்டி, ஈப்போவரை கையை அசைக்காமல் கொண்டுபோனார். லயத்தில் கேலி செய்வார்கள்.

"டிரெஸ்ஸர் ஐயா அடைகாக்குறாரு. குஞ்சு பொரிச்சா எங்களுக்கும் ஒண்ணு குடுங்க."

"உங்களுக்கு வரக்கூடாதெண்டுதான் இந்தப் பாடு," என்பார் அண்ணா.

சென்ற மாதம் அவருக்கே காய்ச்சல் கண்டது. மறுநாள் காலையில் கழுத்து விறைத்தது. ஊசியில் வந்த நீர் அரிசி கழுவிய நீர்போல் கலங்கியிருந்தது. அண்ணா அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதை நீ கொண்டு போ. வேறை ஆக்களெண்டால் ஐஸிலை வைச்சிடுவினம்."

"நான் போனால் உங்களோடை ஆர் இருக்கிறது?"

"லயத்திலை எத்தினை பிள்ளையள் இருக்குதுகள். போ."

குழாயை அக்குளில் கட்டிக்கொண்டு போனேன். தாப்பா ரோட் நிலையத்தில் ரயில் மாறியபின், எதிரே அமர்ந்திருந்த தோட்டத்து அம்மையார், "கையில அடியாம்மா? எறக்கி வெச்சுக்கலாமில்ல," என்றார். நான் இறக்கவில்லை. அவர் தம் துணிமூட்டையை என் முழங்கைக்கு முட்டுக்கொடுத்தார்.

நான் திரும்புமுன் அண்ணாவின் உயிர் பிரிந்திருந்தது. தகனத்துக்கு மறுநாள், காடாற்றிய அன்று, ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. கிருமி வளர்ந்திருந்தது. அன்றே லயத்துக்குக் காவல் போட்டார்கள். இதை எழுதும் நாள்வரை அங்கே வேறு எவரும் இறக்கவில்லை.

ஊசியிட்ட மருத்துவருக்கும், பெயரறியாத அந்த ரயில் அம்மையாருக்கும், ஈமக்கடன்களில் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி.

நான் இல்லாத பொழுதில் அண்ணாவின் அருகிலிருந்து, வாயில் நீர் விட்டவர், அன்று கதவைச் சாத்திக்கொண்ட அதே தாய். அவருக்கு நன்றி சொல்ல லயத்துக்குச் சென்றேன். காவல் கயிற்றுக்கு அப்பால் நின்றபடி, "கொழாயி சூடா போய்ச் சேந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

சேர்ந்தது என்றேன்.