பம்பு மூடியும் டைட்டானியம் உப்பும்

நான் கெமிஸ்டாகச் சேர்ந்த அன்றே கரமனைப் பக்கத்திலிருந்த உலோகம் வார்க்கும் பவுண்டரியில் சண்டை. நாடு சுதந்திரமடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தண்ணீர் பம்புகளுக்கு அலுமினிய மூடி வார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி மூடிகள் அச்சிலிருந்து எடுக்கும்போதே விளிம்பில் வெடித்திருந்தன.

முதலாளி சிவதாணு பிள்ளை, மணல் அச்சு செய்யும் மோல்டர் செல்லையன்மேல் பழியைப் போட்டார். "மண்ண இப்பிடி இறுக்கி அடிச்சா வெடிக்காம என்னடே செய்யும்?"

"மண்ணு எப்பவும் போலத்தான் மொதலாளி," என்றார் தலை நரைத்த செல்லையன். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

புது மோல்டர் வந்தார். வெடிப்பு நிற்கவில்லை.

ஒரு மூடியை அறுத்து, தேய்த்து, காஸ்டிக் சோடாவில் போட்டுப் பார்த்தேன். உலோகத்தின் கிரைன்கள், அதாவது அது உறையும்போது உண்டாகும் படிக மணிகள், வெறும் கண்ணுக்கே தெரிந்தன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. இவ்வளவு பெரிய கிரைன்கள், உலோகம் உறைந்து சுருங்கும் இழுப்பைத் தாங்காமல் பிரிந்துவிடும். கொஞ்சம் டைட்டானியம் சேர்த்தால் கிரைன் முளைக்க ஏராளமான இடம் கிடைக்கும். எல்லாம் பொடியாக உறையும் என்று படித்திருந்தேன். பம்பாயிலிருந்து டைட்டானியம் உப்பு வேண்டும் என்றேன்.

"நம்ம கடப்பொறத்துல கெடக்க கறுத்த மண்ணுல உள்ளதுதானவே அது? அதக் கப்பல்ல ஏத்தி விட்டுட்டு, பம்பாயில போய் வாங்கணுமாக்கும்," என்று சலித்துக்கொண்டார் முதலாளி. ஆனாலும் வாங்கினார்.

உப்பைப் போட்டதும் எழுந்த புகை தொண்டையை அறுத்தது. மூடிகள் முழுசாக வந்தன. அறுத்துப் பார்த்தால் கிரைன் ரவை மாதிரி இருந்தது.

சில நாளில் மறுபடியும் வெடிப்பு. விசாரித்தால், உப்புப் போட்ட உலோகத்தை முதலாளி சாப்பிட்டு வந்து ஊற்றச் சொல்லும்வரை அடுப்பிலேயே வைத்திருந்தார்களாம். டைட்டானியம் அடியில் தங்கிவிட்டது. கலக்கி, உடனே ஊற்ற வேண்டும். இதை அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு அலுத்துப்போயிற்று.

"செல்லையனைக் கூப்பிடலாமே," என்றேன் ஒரு நாள் முதலாளியிடம்.

"கூப்பிடும். நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்."

செல்லையன் சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"மண்ணுல குத்தம் இல்லேன்னு மொதலாளிக்குத் தெரிஞ்சாச்சா சாரே?"

"தெரிஞ்சாச்சு."

"அத அவரு சொல்லிவிட்டாரா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு, செல்லையன் மூட்டையை மறுபடியும் தூக்கினார்.

"அப்பிடின்னா வேண்டாம் சாரே. இங்க மூட்டை கீழ விழுந்தா அது நான் போட்டதுதான். அது போரும் எனக்கு."

பவுண்டரி வேலைக்கு வரும் பிள்ளைகளே, வெடித்த வார்ப்பை முதலில் அறுத்துப் பாருங்கள். யார்மேல் குற்றம் என்பதைப் பிறகு பேசலாம். வெடித்த மூடிகளையெல்லாம் உருக்கி மறுபடியும் வார்த்தோம். செல்லையன் திரும்பி வரவில்லை.