உவரியில் கிடைத்த டியூப் டிவி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் பேருந்தில் ஏறினோம், நானும் என் தம்பி செல்வினும். வழியில் நாங்கள் இறங்கவேண்டிய வள்ளியூருக்குச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். தேடிப் போனது ஒரு பழைய டியூப் டிவியை.

செல்வின் எலக்ட்ரீஷியன். போன வருடம் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது கை நரம்பு அடிபட்டது. அதன்பிறகு பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதே அபூர்வம். விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். நின்றுகொண்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைத் தானே செய்யப்போவதாக ஒருநாள் சொன்னான். நான்கு மாதம், பெரும்பாலும் இடது கையாலேயே பலகை அறுத்தான், பொத்தான் பதித்தான். திரை மட்டும் பாக்கி. புதிய தட்டைத் திரையை வைத்துப் பார்த்தோம். பொத்தானை அமுக்கி, ஒரு இமைப்பொழுது கழித்துத்தான் படம் நகர்ந்தது.

"என் கையே பிந்தித்தான் வேலை செய்யுது. திரையும் பிந்துனா நான் எப்படிண்ணே ஆட?" என்றான்.

டியூப் டிவியில் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் திருநெல்வேலி டவுன் கடைகளிலும் சந்திப்புப் பகுதிக் கடைகளிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வள்ளியூரில் சந்தைப் பக்கம் ஒரு டிவி மெக்கானிக் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "செம்புக்காக எல்லாத்தையும் உடைச்சிட்டாங்க வே. இப்ப வந்து கேக்குதிய!" வேறு இரண்டு கடைகளிலும் அதே பதில். செல்வின் ஊருக்குத் திரும்பலாம் என்றான். நான்தான் இழுத்துக்கொண்டு திசையன்விளை பேருந்தில் ஏற்றினேன். வழியெல்லாம் தேரி என்கிற செம்மணல் மேடுகளும் பனையும்.

திசையன்விளையில் டிவி பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் கொஞ்சம் யோசித்தார். "உவரியில மிக்கேலம்மா வீட்டுல ஒண்ணு கெடந்துச்சி அண்ணாச்சி. நான் ரிப்பேர் பாத்த செட்டு. போய்க் கேட்டுப் பாருங்க."

ஆட்டோவில் உவரி போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கரையில் வள்ளங்களுக்கு நடுவே வலை காய்ந்துகொண்டிருந்தது. மிக்கேலம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். வெளிநாட்டிலிருந்து மகன் புது டிவி வாங்கிக் கொடுத்த பிறகு, பழைய இருபத்தொரு அங்குல டிவியைப் போர்வை சுற்றி மூலையில் வைத்திருந்தார்.

"ஓடுதான்னு பாத்துட்டு எடுங்க தம்பி. ஓடலன்னா ரூவா வேண்டாம்."

செல்வின் பையில் கொண்டுவந்திருந்த விளையாட்டுக் கருவியையும் அதன் கைப்பிடிக் கம்பியையும் டிவியோடு இணைத்தான். திரை பைய வெளிச்சமாகி, விண்கலம் ஒன்று வந்து நின்றது. அடிபட்ட வலது கையால் கம்பியைத் தள்ளினான். அந்தக் கணமே கலமும் நகர்ந்தது. மறுபடி தள்ளினான். வாய்விட்டுச் சிரித்துவிட்டான். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஐந்நூறு ரூபாய்க்குத் தந்தார். நான் வெளியே வந்து என் மனைவியைப் போனில் அழைத்து, கிடைத்துவிட்டது என்றேன்.

மூன்று மணிக்குத் திசையன்விளை நிலையத்தில் திருநெல்வேலி பேருந்து நின்றது. நான் படியில் நின்று டிவியின் முன்பக்கத்தைப் பிடித்தேன். கண்டக்டர் உதவிக்கு வந்தார்.

"வேண்டாம், நான் பிடிக்கேன்" என்றான் செல்வின்.

இரண்டாவது படியில் அவன் வலது கை விட்டுவிட்டது. கை விட்டது அவனுக்கே தெரியவில்லை என்பதை முகத்தில் பார்த்தேன். டிவி பின்பக்கமாகத் தரையில் விழுந்தது. உடனே ஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம்.

"பின்மூடிதாம்லே உடைஞ்சிருக்கு" என்றேன்.

"இல்லண்ணே. டியூப்போட கழுத்து போயிட்டு. காத்து உள்ள ஏறுத சத்தம் அது. இனி ஒண்ணும் செய்ய முடியாது."

டிவியைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு ஏறினோம். இட்டமொழி தாண்டியதும் செல்வின் பேசினான்.

"கேம் பெட்டிக்கு அறுத்தது நல்ல பலகைண்ணே. மதினிக்குத் துணி வைக்க அலமாரியா அடிச்சிக் குடுங்க."

"தென்காசிப் பக்கம் பாப்போம்லே. அம்பாசமுத்திரத்துல இல்லாமலா போவும்?"

ஊர் திரும்புகிறவர்களுக்கு வீடு எப்போது வரும் என்றிருக்கும். எனக்கு அன்று மூலைக்கரைப்பட்டியிலேயே பேருந்து பழுதாகி நின்றுவிட்டால் தேவலை என்றிருந்தது.

அது நிற்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் மனைவி முன்னறை நாற்காலிகளையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டு, பெரிய டிவி நுழைவதற்காக இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.