சல்லடையில் தங்கியது

யாருடையது என்று தெரியாத ஒன்றை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது? லாசரஸ் இதை யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் இருபத்தாறு ஆண்டு விடுமுறைகள் அவருக்கு இந்தக் கேள்வியோடுதான் கழிந்தன.

கடலைத் தூர்த்து நிலமாக்கும் இடத்தில் அவர் மணல் பரிசோதகர். வெளிநாட்டு மணலோடு பார்ஜ் என்னும் தட்டைச் சரக்குப் படகு வந்து நின்றதும் ஏறுவார். ஒரு வாளி மணலைச் சலித்து, சேறும் சிப்பியும் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். 1998இல் ஒரு காலை, சல்லடையில் கட்டைவிரல் நீள எலும்பு ஒன்று தங்கியது. தாடைத் துண்டு. அதில் இரண்டு சின்னப் பற்கள்.

உதவியாளர் முகமது யூசுப் எட்டிப் பார்த்தார். "குரங்கு லா, அண்ணே."

"குரங்குப் பல்லு இப்படியா இருக்கும்?"

"நீங்க என்ன டென்டிஸ்டா? போலீசுக்குச் சொன்னா ஒரு வாரம் வேலை நிக்கும். சைன் போடுங்க, பின்னாடி மூணு பார்ஜ் வெயிட்டிங்."

போட்டார். அந்த மணல் மேற்குக் கரையில் கொட்டப்பட்டது. இன்று அங்கே கொள்கலன்கள் அடுக்கியிருக்கின்றன. வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. எலும்பை மட்டும் ஒரு சிட்டிகை மணலோடு ஃபிலிம் டப்பியில் போட்டு பிடோக்கில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது எந்தக் கரையின் மணல் என்று பார்ஜ் காகிதத்தில் இல்லை.

இதற்காக அவரை மனசாட்சி உள்ளவர் என்று புகழ வேண்டியதில்லை. மனசாட்சி அன்று காலை வேலைக்கு வந்திருந்தால் பார்ஜ் நின்றிருக்கும். தாமதமாகத்தான் வந்தது, வந்தபின் போகவில்லை. தூர்த்த நிலத்தில் நடக்கும்போது கால்களை மெதுவாக வைத்தார். பேருந்தில் ஏதாவது குழந்தை சிரித்தால் அதன் பற்களையே பார்த்துக்கொண்டிருப்பார். தாய் முறைத்தபின் இறங்கிவிடுவார், தன் நிறுத்தம் வராவிட்டாலும்.

விடுமுறை கிடைத்தால் மணல்மேடுள்ள கடற்கரைக்குப் போவார். ஜாவா, மலேசியாவின் கிழக்குக் கரை, மணப்பாடு. பூதக்கண்ணாடியில் அந்த மணலை டப்பி மணலோடு ஒப்பிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "மத்தவங்க புருஷன் ஷாப்பிங் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு வாய்ச்சது மண்ணு" என்பார் மனைவி பெட்டி.

2024இல் வியட்நாமின் நடுக்கரையில் மணல் ஏறக்குறைய ஒத்துப்போனது. தேன் நிறம், நடுவே கறுப்புப் புள்ளிகள். மறுநாள் காலை, அங்கே மறுபடி போக வாடகை ஜீப் வருமுன், விடுதியின் உணவு மேசையில் டப்பியை வைத்து, பெட்டியிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

பெட்டி முட்கரண்டியைக் கீழே வைத்தார். "இருபத்தாறு வருஷமா நம்ம வீட்ல ஒரு புள்ள இருந்துச்சா?"

"குரங்குன்னு யூசுப் சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சைன் போட்டேன்."

பெட்டி டப்பியை அவர் பக்கம் நகர்த்திச் சொன்னார்: "அதுக்கு ஒரு இடம் கொடுத்துட்டு வாங்க. கொடுக்காம திரும்பி ஜீப்ல ஏறாதீங்க."

மணல்மேட்டில் பயணிகள் பிளாஸ்டிக் பலகையில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் அந்தச் சத்தம் இல்லை. அங்கே ஊராரின் கல்லறைகள், வெறும் மணல் குவியல்கள். காற்று அவற்றைக் கரைத்துக்கொண்டே இருந்தது. ஒரு பெண் தன் வீட்டாரின் குவியலை இரு கைகளாலும் அள்ளி உயர்த்திக்கொண்டிருந்தாள். லாசரஸின் கையிலிருந்ததைப் பார்த்தாள். குழந்தை எவ்வளவு உயரம் என்பதுபோல் உள்ளங்கையைத் தரைக்கு மேலே பிடித்துக் காட்டினாள். அவர் தன் முழங்காலுக்குச் சற்று மேலே கையை வைத்தார்.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி எலும்பை வைத்து மூடினார். அவள் அதன்மேல் குவியல் எழுப்பி, மூன்று ஊதுவத்திகளைக் கொளுத்தி நட்டாள். லாசரஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜீப்பிலிருந்து அப்பாவைத் தேடி வந்த மகள் ஜோவன்னா இதையெல்லாம் தோப்பு ஓரத்திலிருந்து பார்த்தாள். "டாடி, ஜீப் வெயிட் பண்ணுது லா" என்றாள்.

அவர் எழுந்தார். நாலைந்து அடி நடந்தார். திரும்பிப் பார்த்தபோது புதிய குவியலைக் காற்று அதற்குள் கரைக்கத் தொடங்கியிருந்தது; நாளை அதை அள்ளி உயர்த்த அதற்கென்று ஒருவரும் இல்லை. திரும்பி வந்து மண்டியிட்டார். ஊதுவத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, குவியலைக் கலைத்து, தோண்டி, எலும்பை எடுத்தார். மணலை ஊதிவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். அவர் அவளைக் கும்பிட்டார்.

ஜீப்பில் ஏறியதும், "வச்சிட்டீங்களா?" என்று பெட்டி கேட்டார். லாசரஸ் இல்லை என்று தலையசைத்தார். சட்டைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.