பேரை மைக்கில் போடாதவர்

செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார் வேடியப்பன். யாரோ ஓர் ஆளுக்குச் சேதி இருக்கிறது என்று அர்த்தம். வண்டிக்குச் சேதி என்றால் உட்கார்ந்த இடத்திலேயே மைக்கைத் தட்டி, செங்கம் வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். ஆளுக்கு என்றால் மைக்கை அணைத்துவிட்டு நடைதான்.

திருவண்ணாமலை பஸ் நிலையத்தின் டைம் கீப்பர் அவர். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, இடது முழங்காலில் தீராத வலி. ஊர் தனி மாவட்டமாகி, பௌர்ணமிக் கூட்டமும் பெருகிய பிறகு அவருடைய சின்ன அறைக்குப் புது மைக்கும் தொலைபேசியும் வந்தன. இத்தனை வசதி இருந்தும் இந்த மனுஷன் ஏன் காலை இழுத்துக்கொண்டு அலைகிறார்? தினமும் வேங்கிக்கால் ஆபீசுக்கு அங்கே பஸ் ஏறுகிற எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மைக்குல பேரு வந்தா வீட்ல சாவுன்னுதாங்க எங்காளுங்களுக்கு நெனப்பு."

புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர், கண்டக்டர் பரசுராமனை உடனே வரச்சொல்லி மைக்கில் கூப்பிட்டாராம். அம்மா போய்விட்டாள் என்றே முடிவுகட்டிய பரசுராமன் அழுதுகொண்டே ஓடிவந்து வாசலில் மயங்கி விழுந்திருக்கிறார். விஷயம் என்ன தெரியுமா? லீவு விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அட ராமா!

அன்றிலிருந்து வேடியப்பன் மைக்கில் யார் பேரும் வருவதில்லை. ரூட் மாறினால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். வாயால் சொன்னால் ரெண்டு வண்டி தாண்டுவதற்குள் மறந்துபோகுமாம். தாமதமாக வந்தவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய், டீ பாதி உள்ளே போன பிறகுதான் திட்டுவார். பாராட்டு மட்டும் நாலு பேர் நிற்கிற இடத்தில், உரக்க.

போன பௌர்ணமியன்று டிரைவர் மூர்த்தியின் மனைவி பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை. கூட்ட நாள் என்பதால் யாருக்கும் லீவு கிடையாது. வேடியப்பன் தன்னால் முடிந்த உதவியாக மூர்த்தியைக் கிட்டத்து நடையான வேங்கிக்கால் வண்டிக்கு மாற்றிப் போட்டார். தகவல் வந்தால் கையில் சேர்ப்பது தன் பொறுப்பு என்றார்.

அந்த வண்டியில் டிரைவருக்குப் பின்சீட்டில் நான் இருந்தேன். வண்டி நகரத் தொடங்கும்போது அறையில் தொலைபேசி அடித்தது. வேடியப்பன் எடுத்துக் காதில் வைத்தார். எங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். மூர்த்தியும் அதைப் பார்த்துவிட்டார். பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார்.

"கூப்ட்டுடாதண்ணே," என்று முனகினார். "கூப்ட்டுடாத."

மைக் வேடியப்பன் மூக்குக்கு நேரேதான் இருந்தது. அடுத்த நிமிடம் அறையில் ஆள் இல்லை. செருப்புகூட மாட்டாமல், கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, அந்த முழங்காலோடு ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றார் வேடியப்பன். மூச்சு இரைத்ததில் பேச்சு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு வெறுங்கைகளையும் மடித்துச் சேர்த்து மெல்லத் தாலாட்டினார்.