இரண்டு கட்டைவிரல்கள்

கீபோர்டை மேசையிலிருந்து எடுத்து இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல்கள் ஓரத்து எழுத்துகளைத் தொட்டன. நடுவில் இருந்தவை எட்டவில்லை. கைகளை உள்ளே தள்ளிப் பிடித்தாள். கீபோர்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. கீழே விழுவதற்குள் தொடையால் தாங்கிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலிப் பையன் ஒரு நொடி திரும்பினான். கழுத்தில் தொங்கிய அட்டையில் கிரீஷ் என்று இருந்தது. உடனே தன் வேலைக்குத் திரும்பினான். அவனுடைய பத்து விரல்களும் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஓடின. அறை முழுக்க அதே மழைதான் பெய்துகொண்டிருந்தது. நனையாமல் உட்கார்ந்திருந்தவள் அஞ்சலி ஒருத்தி.

மூன்று வருடமாகக் கணினி அறிவியல் படிக்கிறாள். கணினியை இன்றுதான் முதன்முதலாகத் தொடுகிறாள்.

படித்ததெல்லாம் போனில். பள்ளிக்கூடத்தில் கணினி அறை ஒன்று உண்டு, பூட்டியே கிடக்கும். பிளஸ் டூவில் தருகிற இலவச மடிக்கணினி அவளுக்கு முந்தைய செட்டோடு நின்றுபோயிருந்தது. பி.காம். முதல் வருடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவோடு மேடவாக்கத்துக்கு மீன் வெட்ட வந்துவிட்டாள். இந்த வேலைக்கான தேர்வு அறிவிப்பில் கணினி அங்கேயே தரப்படும் என்று போட்டிருந்ததைப் படித்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. எழுத்துகள் போனில் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசைதானே என்று நினைத்தாள். வரிசை அதேதான். ஆனால் ஒரு கைக்குள் அடங்கியிருந்த ஊர் திடீரென்று வயல்வெளி மாதிரி விரிந்து கிடந்தது.

கீபோர்டை மடியில் போட்டுக்கொண்டாள். மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு கட்டைவிரல்களால் மேலிருந்து குத்தினாள். திரையில் எழுத்து வந்தது. தாம்பரத்தைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியின் மூன்றாவது மாடி அது. சோழிங்கநல்லூரில் இருக்கும் ஒரு கம்பெனி, டிகிரி கேட்காமல் ஆள் எடுப்பதற்காக அந்த அறையை வாடகைக்கு எடுத்திருந்தது. மூன்று கணக்குகள், ஒன்றரை மணி நேரம்.

அவளுக்கு இந்தப் படிப்பு வந்து சேர்ந்த விதமே வேடிக்கை. மீன் பலகையின் ஓரத்தில் பணம் வந்ததும் குரல் கொடுக்கிற பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். ஒருநாள் அந்தப் பெட்டி வாயைத் திறக்கவில்லை. அம்மா ரேணுகாம்பாள் மீன் வாங்கினவரைப் பிடித்து நிறுத்திவைத்து, அவர் முகம் சிவந்து, நாலு பேர் கூடிய பிறகுதான் பெட்டி மெதுவாகப் பேசியது. அம்மா பெட்டியை ஏசினாள். அஞ்சலிக்கு மட்டும், அந்தப் பணம் இத்தனை நேரம் எங்கே போயிருந்தது என்று கேள்வி. அதை யூடியூபில் தேடினாள். ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய், எங்கோ வெளிநாட்டில் ஒருவர் மேடையில் இங்கும் அங்கும் நடந்தபடி பாடம் நடத்துகிற இடத்தில் வந்து நின்றாள். காசு கேட்கவில்லை. கதவும் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் பேசிய ஆங்கிலம் முதலில் பிடிபடவில்லை. வேகத்தைக் குறைத்து வைத்தாள்; மனிதர் குடித்தவர் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினார். அப்படியே பழகிவிட்டது. புரியாத இடத்துக்குத் தமிழில் சொல்லித் தருகிற யாரோ ஒருவருடைய வீடியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். ஒரு காதில் பாடம், இன்னொரு காது வாங்குகிறவர்களுக்கு. மீன்பிடித் தடைக்காலத்தில் பலகையில் பாதி காலியாக இருக்கும்போது பாடம் நன்றாக ஓடும். சங்கரா மீன் குவிந்து கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் நடக்காது.

“மீன் கண்ணப் பாருடின்னா போன் கண்ணப் பாத்துகினு கீற. அந்தாளு இன்னா, உனக்கு மாமன் மகனா?” என்று ரேணுகாம்பாள் கேட்பாள். கேட்டுவிட்டு, பக்கத்தில் கீரை விற்கிறவளிடம் தன் பெண் வெள்ளைக்காரனிடம் படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்வாள்.

மீன் வெட்டுகிற கையால் போனைத் தொட முடியாது. பாலிதீன் கவருக்குள் போட்டு, அருவாமனைக்கு எதிரே சாய்த்து வைத்திருப்பாள். கவர் மேல் ஈர விரலால் ஓர் எழுத்தைத் தொட்டால் இன்னோர் எழுத்து விழும். அழித்து அழித்து அடிப்பது பெரிய பேஜார். அதனால் ஒரு வழக்கம் வந்தது. செதில் சீவும்போதும் செவுளைப் பிடுங்கும்போதும் புரோகிராம் முழுவதையும் மனதிலேயே கட்டுவாள். வரி வரியாக ஓட்டிப் பார்ப்பாள். எங்கே இடறுகிறது என்று தேடுவாள். தேவையில்லாத வரியைக் குடலோடு சேர்த்து வீசுவாள். எல்லாம் சரியான பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் அடிப்பாள்.

ரேணுகாம்பாளுக்கு முழங்கால் போய்விட்டது. தீபாவளிக்குப் பிறகு பலகையில் உட்கார முடியாது என்று டாக்டரும் சொன்னார், அவளும் சொன்னாள். நடைபாதையில் இடம் என்பது உட்கார்ந்திருக்கிறவரைக்கும்தான். ரெண்டு நாள் பலகை காலியாக இருந்தால் மூன்றாம் நாள் வேறொருத்தி கூடையை இறக்கிவிடுவாள். பனையூர்க் குப்பத்திலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, அப்பாவின் படகு கொண்டுவந்ததையும் ஏலத்தில் எடுத்ததையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவந்து, இருபது வருடமாக அவள் பிடித்துவைத்திருக்கும் இடம் அது. யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும். ரேணுகாம்பாளின் தங்கச்சி மருமகள் வருகிறேன் என்றிருக்கிறாள். ஆனால் பெற்ற பெண்ணே இருக்கும்போது அவளை எப்படிக் கூப்பிடுவது?

நேற்று சாயங்காலம் பலகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “இது ஆவலைன்னா வுட்டுடு. பலகையில குந்திடு. அதுக்கு மேல உன்னாண்ட ஒண்ணும் பேசமாட்டேன்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அஞ்சலிக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் கணக்கு சுலபம். மனதில் உடனே முடிந்துவிட்டது. கைதான் முடிக்க விடவில்லை. முக்காற்புள்ளி போட வேண்டும். அதற்கு ஷிப்ட் என்று தெரியும். ஷிப்டைத் தொட்டாள், விட்டாள், பிறகு முக்காற்புள்ளி இருந்த விசையைக் குத்தினாள். அரைப்புள்ளி விழுந்தது. மறுபடி. மறுபடியும் அரைப்புள்ளி. அடைப்புக்குறிக்குப் பதில் ஒன்பது வந்தது. போனில் ஷிப்டை ஒருமுறை தொட்டால் அது காத்திருக்கும். இது காத்திருக்கவில்லை. கீபோர்டு பழுதோ என்று தூக்கி உதறினாள். ஒயர் இழுபட்டு எங்கோ கழன்றது. அதற்கப்புறம் எந்த எழுத்துமே வரவில்லை.

கையைத் தூக்கினாள். மேற்பார்வைக்கு நின்ற சத்யநாராயணன் வந்தார். கம்பெனிக்காரர், வழுக்கைத் தலை, அரைக்கை சட்டை. கீபோர்டு அவள் மடியில் கிடப்பதைப் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் மேசைக்கடியில் மண்டியிட்டு நுழைந்து ஒயரைச் செருகினார். வெளியே வரும்போது தலையில் ஒட்டடை.

“சார், ஷிப்டு வேல செய்யல.”

“எப்படி அமுக்கினே?”

அமுக்கிக் காட்டினாள். அவர் சற்று நேரம் அவளுடைய கட்டைவிரலையே பார்த்தார். பிறகு குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, “விடக்கூடாதும்மா. இதப் புடிச்சுக்கிட்டே அதத் தட்டணும். பதில் சொல்லிக் குடுக்கக் கூடாது, இது சொல்லலாம்,” என்றார்.

ஒரு கை பிடிக்க, ஒரு கை வெட்ட. இவ்வளவுதானா என்று இருந்தது. திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தாள். பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. மற்றவர்கள் இரண்டாவது கணக்கைத் தாண்டியிருப்பார்கள். அம்மாவின் பலகையும் ஈரச் சாக்கும் கண்முன் வந்தன. பலகையில் உட்காருவதில் அவளுக்கு வெட்கம் ஏதுமில்லை. கதவில்லாத அந்தப் பாடத்திலிருந்து எழுந்து வர வேண்டுமே என்பதுதான் கவலை.

கைகளை மடியிலிருந்து எடுத்துவிட்டு, சும்மா உட்கார்ந்து மூன்றையும் படித்தாள். அருவாமனை முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் கிரீஷ் அடிப்பதும் அழிப்பதும் அடிப்பதுமாக இருந்தான். இவள் எதையும் அடிக்கவில்லை. சத்யநாராயணன் தூரத்திலிருந்து ஒருமுறை கவலையாகப் பார்த்தார்.

மூன்றாவது கணக்கு இப்படி இருந்தது: நிறைய எண்கள் உள்ளன, எந்த இரண்டைக் கூட்டினால் கேட்ட தொகை வரும் என்று சொல்ல வேண்டும், எண்கள் லட்சக்கணக்கில் இருந்தாலும் தாமதமாகக் கூடாது. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும். படித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை பேர் வந்து நின்று இதையே கேட்டிருக்கிறார்கள். ரெண்டே சங்கரா, சரியா ஒரு கிலோ.

முதல் கணக்கை அடித்தாள். ஷிப்டை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலால் குத்தினாள். நகம் வலித்தது. இரண்டாவது. எதையும் அழிக்கவில்லை, அழிப்பதற்கு ஏதும் அடிக்கவில்லை. மூன்றாவது பதினைந்து வரிகூட இல்லை. கடைசி அடைப்புக்குறியைப் போட்டு ஓட்டச் சொல்லிவிட்டு, கீபோர்டை மடியிலேயே அணைத்துப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பச்சை அடையாளமாக வர ஆரம்பித்தது. மேலிருந்து கீழே இறங்கியது. ஒன்றுகூடச் சிவப்பாகவில்லை. கடைசிப் பச்சை விழுந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. கிரீஷ் அவள் திரையை எட்டிப் பார்த்தான். “அக்கா, மூணுமா?” என்றான். அவனுக்கு இரண்டு ஆகியிருந்தது. “கட்டைவிரல்லயே மூணுமா?” என்று மறுபடி கேட்டுவிட்டு, தன் கட்டைவிரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

மூன்றும் முடித்தவர்களை மட்டும் உட்காரச் சொல்லிவிட்டு மற்றவர்களை அனுப்பினார்கள். அவளுடைய முறை வந்தபோது சத்யநாராயணன் அவளது மூன்றாவது புரோகிராமைத் திரையில் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எழுதியதை விளக்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் தடுக்கியது. தமிழிலேயே சொல்லும்படி அவர் கையைக் காட்டினார்.

“சார், மொதல்ல சின்னதுலேந்து பெருசு வரைக்கும் அடுக்கிடுவேன். இந்தக் கோடியில சின்னது ஒண்ணு, அந்தக் கோடியில பெருசு ஒண்ணு, ரெண்டையும் தராசுல போடுவேன். எடை ஏறிச்சின்னா பெருச எடுத்துட்டு அதுக்கு அடுத்தத வெப்பேன். கொறஞ்சா சின்னத மாத்துவேன். ரெண்டு கையும் நடுவுல வந்து சேர்றதுக்குள்ள தெரிஞ்சிடும். ஒரு தபா போனா போதும் சார், திரும்பி வர வேலயில்ல.”

“தராசு எங்கேர்ந்து வந்தது?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“மீன் சார். மேடவாக்கத்துல கட கீது.”

“இதக் கோர்ஸ்ல கத்துக்கிட்டியா, கடையிலயா?” என்று சத்யநாராயணன் கேட்டார்.

அவள் யோசித்தாள். “கோர்ஸ்ல இதுக்கு ஒரு பேரு வெச்சிகீறாங்க சார். கடையில பேரு இல்ல. அங்க லட்சம் மீனும் இல்ல. லட்சத்துக்கும் இதே போதும்னு கோர்ஸ் பாத்துதான் தெரிஞ்சிகினேன்.”

மூன்று பேரும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார்கள். அவள் சுவரில் இருந்த தீயணைப்புக் குழாயின் சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, அடுத்த மாதம் முதல் தேதி வரச் சொன்னார்கள். பயிற்சி ஆறு மாதம், சம்பளத்தோடு. கடிதம் மெயிலில் வரும். சத்யநாராயணன் ஒரு நிபந்தனை வைத்தார்: அதற்குள் கீபோர்டை மேசையில் வைத்து அடிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். சிரிக்காமல்தான் சொன்னார். அவருடைய வழுக்கையில் ஒட்டடை இன்னும் இருந்தது. அஞ்சலி அதைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லிவிட்டாள். அவர் தட்டிவிட்டுக்கொண்டார்.

வாசலில் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாலிதீன் கவரின் உள்பக்கம் ஒரு செதில் ஒட்டியிருந்தது. மாடிப்படியில் நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டாள்.

“கெடச்சிடுச்சிமா.”

மறுபக்கத்தில் பஸ் ஹாரன். யாரோ விலை கேட்கும் சத்தம். அஞ்சலி ஹலோ ஹலோ என்றாள். பிறகு, வேறு யாரிடமோ சொல்வது போல, தூரத்தில் அம்மா கத்துவது கேட்டது: “தே, கீரக்காரம்மா. என் பொண்ணு பாஸாயிட்சி.” அதற்கப்புறம் போன் பக்கமாக வந்து மூக்கை உறிஞ்சினாள். “சரி. வர சொல்லோ நாலு எலுமிச்சம்பழம் வாங்கினு வா. நாளிக்கு ஞாயித்துக்கெழம, நீ வந்துதான் ஆவணும். ஆபீசராயிட்டேன்னு வூட்ல குந்திகினு இருக்காத.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான நேரத்துக்குக் கடை போட்டார்கள். சங்கரா முதலில் தீர்ந்தது, கிழங்கான் கடைசிவரை இருந்தது. தங்கச்சி மருமகள் வந்திருந்தாள். அவளுக்கு ரேணுகாம்பாள் மீனை அடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். பதினோரு மணிக்குக் கொஞ்சம் தூறி நின்றது. இரண்டு மணிக்குப் பலகையைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மாலையில் அம்மாவும் பெண்ணும் பஸ் பிடித்துத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போய், போனோடு இணைக்கிற கீபோர்டு ஒன்று வாங்கினார்கள். ரேணுகாம்பாள் அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.