ரசமட்டம் நிமிர்த்திய கட்டடம்

கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்துக்காவது ஒரு நியாயம் உண்டு. சுவர் கோணலாக இருந்தால் கோணல் என்று காட்டும். அந்தப் பெயரைப் பட்டப்பெயராகச் சுமந்த நம் வீடியோ எடிட்டருக்கு அதுகூடக் கிடையாது. கண்ணில் எது கோணலாகப் பட்டாலும் உடனே நிமிர்த்திவிடுவான். அது ஏன் கோணலாக இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கல்யாணமோ பிறந்தநாளோ, எந்த வீடியோ கைக்கு வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். எல்லாத் துண்டுகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, சாய்வைத் தானாகச் சரிசெய்யும் பொத்தானை அழுத்துவான். மென்பொருள் படத்துக்குள் நீளமான கோடு ஒன்றைத் தேடிப் பிடிக்கும். கடலோ, தரையோ, சுவரோ, எது கிடைக்கிறதோ அதை நேராக்கி, மிச்சத்தை அதற்கேற்பத் திருப்பிவிடும். கடல் ஒரு பக்கமாக வழிந்து கொட்டுவதுபோல் இருந்த படம் கண் சிமிட்டும் நேரத்தில் நேராகிவிடும். இதில் இவன் செய்தது ஒரே ஒரு சொடுக்கு. ஆனால் அலட்டலைப் பார்க்க வேண்டுமே, கடலையே கையால் தூக்கி நிறுத்தியவன்போல் இரண்டு நாள் பேசுவான். படம் பிடித்தவனுக்குக் கண் இல்லை என்பான், கை இல்லை என்பான். இந்த ஊரில் தன் ஒருவனுக்குத்தான் இரண்டும் இருப்பதாக அவனுக்கு நினைப்பு.

அவன் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டியதிலிருந்து அந்தக் கட்டடம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. சாத்திய கதவு தானாகத் திறந்துகொண்டது. மகள் பந்தை எங்கே விட்டாலும் அது போய் நிற்பது அதே மூலையில்தான். குழந்தை படுக்கும் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு விரிசல் விழுந்து, நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே வந்தது. அவன் மனைவிக்குப் பயம். படுத்தால் தூக்கம் வரவில்லை, குழந்தையை இழுத்துத் தன் பக்கம் போட்டுக்கொண்டாள்.

அவனிடம் சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எடிட்டிங் மேசை ஆடியபோது தச்சனைத் திட்டிவிட்டு, இரண்டு கால்களுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினான். மேசைக்கு முன்னால் இருந்த சக்கரம் வைத்த நாற்காலி தானாக நகர்ந்தபோது கடைக்காரனைத் திட்டிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டையை வைத்தான். பிறகு அந்த மேசையில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, வீடு நேராகத்தானே இருக்கிறது என்று அவளிடம் கேட்டான்.

கட்டட உரிமையாளரும் அதையேதான் சொன்னார். குடியிருப்பவர்கள் நகராட்சிக்குப் போனார்கள். சாய்வு உண்மை என்று தெரிந்தால் உரிமையாளர் செலவிலேயே எல்லாரையும் வேறு வீட்டுக்கு மாற்ற உத்தரவு போடலாம், முதலில் வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றார் அதிகாரி. அவள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கைப்பேசியில் படம் பிடித்தாள். ஒவ்வொரு வீட்டுத் தரையிலும் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி வைத்து எடுத்தாள். கட்டடம் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, கீழ்வீட்டு ஓய்வுபெற்ற பஸ் டிரைவரை வாசலில் நிற்க வைத்துத் தெருவுக்கு எதிர்ப்புறமிருந்தும் எடுத்தாள். அத்தனையையும் கோத்துத் தரும் வேலை யாருக்கு? வேறு யாருக்கு, ரசமட்டத்துக்குத்தான்.

அவன் எப்போதும் செய்வதையே செய்தான். மொத்தமாகத் தேர்ந்தெடுத்தான், பொத்தானை அழுத்தினான். மென்பொருளுக்குக் கிடைத்த நீளமான கோடு கட்டடத்தின் கோடு. கட்டடம் நிமிர்ந்தது. தரை மட்டமானது, டம்ளர் நேரானது. டம்ளருக்குள் தண்ணீர் மட்டும் சாய்ந்து நின்றது.

கொஞ்சம் மூளை உள்ளவன் அங்கே கையை எடுத்திருப்பான். தண்ணீர் எந்த ஊரில் சாய்ந்து நிற்கும்? இவனோ கைப்பேசிக் கேமரா மட்டரகம் என்று முணுமுணுத்துவிட்டு, டம்ளர் வந்த இடங்களையெல்லாம் வெட்டினான். பின்னணியில் இசை வேறு சேர்த்தான். அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் காட்டவும் இல்லை. எடிட்டர் எதற்கு வீட்டில் உத்தரவு கேட்க வேண்டும்?

நகராட்சி அலுவலகத்தில்தான் அவள் அதை முதல்முறை பார்த்தாள். பக்கத்தில் புருஷன், அந்தப் பக்கம் பஸ் டிரைவர். திரையில் கட்டடம் தூண்போல நின்றது. வாசலில் டிரைவர்தான் விழப்போகிறவர்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டடம் நேராத்தான் இருக்கு. இவருக்குத்தான் உடம்பு சரியில்ல போல. ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

டிரைவர் தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்துக்கொண்டார். அவள் தன் கைப்பேசியிலிருந்த அசல் படத்தை எடுத்துக் காட்டினாள். அதிகாரி அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எதை நம்புவது, எதை யார் திருத்தினார்கள் என்று கேட்டார். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் நிமிர்த்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

குழந்தையின் தலைக்கு மேல் விரிசல் இருப்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் கௌரவம் கப்பலேறிவிடுமே.

"நான் வச்சிருக்கிற சாஃப்ட்வேர் தப்பே பண்ணாது சார்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. நீங்களே நேரில் வாருங்கள் என்று அதிகாரியிடம் சொன்னாள். அவர் வருகிறவரை தினமும் போய் அதையே சொன்னாள். தொல்லை தாங்காமல் அவர் ஒருநாள் வந்தார். வந்தவர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி, முதலில் கண்ணில் பட்ட எடிட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் குனிந்து சக்கரத்தின் முன்னால் இருந்த மரக்கட்டையை உருவினாள். அதிகாரி நாற்காலியோடு சேர்ந்து, மகளின் பந்து கிடந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தார். உத்தரவு கிடைக்க அதற்கு மேல் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. ரசமட்டத்தின் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். அவனோ, நாற்காலி வாங்கிய கடையின் பெயரை அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

புது வீட்டில் கதவு சாத்தினால் சாத்தியபடி இருந்தது. பந்து விட்ட இடத்தில் நின்றது. வந்த அன்றே குழந்தை கட்டிலின் நடுவில் காலை அகட்டிப் போட்டுத் தூங்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

அவன் பழைய வீட்டு அட்டைகளைப் பத்திரமாக எடுத்து வந்திருந்தான். மேசையின் அதே இரண்டு கால்களுக்கு அடியில் அவற்றைச் செருகினான். உட்கார்ந்தான். மவுஸ் மெல்ல நழுவி அவன் மடியில் விழுந்தது.

"இந்த வீடு கோணல்," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

அவள் அடுப்படிக்குப் போனாள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். டம்ளருக்குள் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி நின்றது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டம்ளரை எடுத்து, கண்ணில் படாதபடி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த வீடியோவைத் திறந்தான்.