ராஜா கிரீடம் போட்ட பட்டன்

சனிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு, மலேசியாவின் லாபிஸில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், மகள் கவிதாவின் மெட்டல் டிடெக்டர் கிரீடம் பொறித்த ஒரு பித்தளைப் பட்டனைக் காட்டிக்கொடுத்தது.

"கிரீடம் நடுவுல பள்ளமா இருந்தா வெள்ளைக்கார ராணி காலம்மா. இது உருண்டையா இருக்கு, ராஜா காலம். சண்டை நடந்தப்போ போட்டதா இருக்கலாம்."

பட்டனைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்த என் பெரியப்பா திரும்பவேயில்லை. அவர் பேச்சை எடுத்தால் அப்பா இன்றும் வாசலைப் பார்ப்பார்.

கருவி மறுபடியும், இந்த முறை பலமாக அலறியது. சத்தம் பெரிதென்றால் பட்டன்கள் நிறைய இருக்கும் என்று நினைத்துவிட்டேன். சட்டையே கிடைக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். தோண்டினேன். மண்வெட்டி எதிலோ மோதி 'டங்' என்றது; துருப்பிடித்த இரும்பு உருளை ஒன்று தெரிந்தது.

"அலமாக்! ஐயோ, குண்டும்மா! தொடாதீங்க, பின்னால வாங்க!"

ரோட்டுக்கு ஓடிப் போலீசைக் கூப்பிட்டோம். வந்து பார்த்தவர்கள், பழைய பீரங்கிக் குண்டு, இன்னும் வெடிக்கக்கூடியது என்றார்கள். இப்போதெல்லாம் சத்தம் பலமாக வந்தால் மண்ணைத் தொடாமல் திரும்பிவிடுகிறோம்.

அன்று கடைசியாக, என் தம்பியின் மோட்டார் சைக்கிளில் அப்பா வந்து இறங்கினார். பட்டனை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"அண்ணனுக்குக் காத்திருந்தே கிழவனாயிட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் காத்திருக்க எனக்கு ஏதும்மா வயசு?"